அண்ணாவின் அம்புக்குறிக் கொப்பி

வடமராட்சியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்து, ஐயாவுக்கு வயற்காணி கிடைத்தபோது ஐந்து வயதில் உடையார்கட்டுக்கு வந்தவர் அண்ணா. முல்லைத்தீவுக்குப் பஸ்ஸில் போய்ப் படித்து, பல்கலைக்கழகம் கண்டு, புலமைப்பரிசிலில் வெளிநாடு சென்றார். அவருடைய முதலாம் ஆண்டுத் திவசத்துக்கான இந்த மலரில் அவர் குணங்களை எழுதச் சொன்னவர் அம்மா.

பொறுமைசாலி என்று பொய் எழுதமாட்டேன். சோற்றில் ஒரு கல் கடிபட்டால் வீடே அதிரும். ஆனால் ஆய்வுகூடத்தில் ஹீலியத்தின் முன்னால் மாதக்கணக்கில் காத்திருப்பார். பலூனில் அடைக்கும் அந்த வாயுவில் ஓர் அரிய வகை உண்டாம். அதை நினைக்கவே முடியாத குளிருக்குக் கொண்டுபோனால் உராய்வில்லாமல் ஓடும் திரவமாகிவிடுமாம். அதன் அணுக்கள் ஒவ்வொன்றும் சின்னக் காந்தமாம்.

"காந்தப்புலத்தில வைச்சா ஒரு பக்கம் பார்க்கிறவைதான் முதல்ல சோடி சேரும், பிள்ளை. ஒருக்கா தட்டிவிட்டா எல்லாம் ஒண்டாய்ச் சுழலும். பிறகு மெல்ல அடங்கும். எவ்வளவு நேரத்தில அடங்குது எண்டுதான் நான் அளக்கிறன்."

"இதுக்கோ பிளேன் ஏறிப் போனனீங்கள்?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

ஐயா இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்தவர் ஒரு மாதத்தில் திரும்புவதாக இருந்தார். மூன்று வருட அளவுகளும் அவர் கொண்டுவந்த ஒரு கொப்பியில்தான் இருந்தன. பக்கத்துக்குப் பக்கம் அம்புக்குறிகள், அவற்றின் ஓரத்தில் நேரங்கள். காந்தங்கள் பார்க்கும் திசைகளை அப்படிக் குறித்திருந்தார். அயல் ஊர்களில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்த நாட்கள் அவை. தெரியாதவர் கண்ணுக்கு அது தாக்குதலுக்குக் கீறிய வரைபடம்.

"உள்ளுக்கு வையுங்கோ அண்ணா" என்றேன்.

"மேசையில கிடக்கிற கொப்பியை ஆரும் பார்க்கமாட்டினம்" என்றார்.

ஒரு நாள் காலை, சாப்பாட்டுக்குப் பாண் விற்கிறவர் வரவில்லை. பஸ்ஸும் வரவில்லை. நாய்கள் மட்டும் றோட்டைப் பார்த்துக் குரைத்தன. ட்ரக் சத்தம் கேட்டபோது அண்ணா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். அம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். நான் கொப்பியை எடுத்து நெல்மூட்டைக்குள் அமத்தினேன். கடிதமோ படமோ, ஊரில் எல்லோரும் அப்படித்தான் ஒளிப்போம்.

அதை வந்தவர்களும் அறிந்திருந்தார்கள். மேசையில் கிடந்த என் பள்ளிக்கூடக் கொப்பிகளைத் தொடவேயில்லை. நேரே மூட்டைகளுக்குப் போய்க் கம்பியால் குத்திக் கொப்பியை வெளியே இழுத்தார்கள்.

"யார் ஒளிச்சது இது?" என்று ஒருவர் அரைகுறைத் தமிழில் கேட்டார். நான் சிந்திய நெல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஈரத் தலையோடு வந்து நின்ற அண்ணா, "நான்தான்" என்றார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லி அண்ணாவை முகாமுக்கு ஏற்றிப்போனார்கள். ஒன்பதாம் நாள், ஆஸ்பத்திரிக்கு வந்து உடலை எடுக்கும்படி தகவல் வந்தது. கொப்பி வரவேயில்லை. அந்த ட்ரக் சத்தம் இன்றும் கிழமைக்கு இரண்டு தரம் எங்கள் வாசல் படலையைக் கடந்து போகிறது.

முகாம் வாசலில் அம்மாவோடு நாள் முழுக்க வெயிலில் நின்ற அயலவருக்கும், மனுக்களை எழுதித் தந்த ஆசிரியருக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த மாமிக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

அண்ணாவின் படத்துக்கு விளக்கேற்றும் போதெல்லாம் அம்மா அவரைப் பார்த்து, "ஏன் ராசா அதைக் கொண்டுபோய் ஒளிச்சனீ?" என்று கேட்டு அழுகிறார். ஒரு வருடமாக நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அம்மா, அண்ணா அதை மேசையில்தான் வைத்திருந்தார். ஒளித்தது நான்.