பூசணிப் பிஞ்சும் சுட்டுவிரலும்

பங்குனி பிறந்துவிட்டால் வெயிலுக்கு முந்தி நான் கொல்லையில் நிற்க வேண்டும். கோழிகளைத் திறந்துவிட்டு, குளிக்கிற தண்ணீர் பூசணிக்கொடிக்குப் போகும்படி வாய்க்காலை வெட்டிவிடுவேன். இந்த ஆண்டு கொடி ஆட்டுக்கொட்டகைக் கூரை வரை ஏறியும் பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தன.

“நீ வெரல நீட்டி நீட்டிக் காட்டுனா எப்புடி நிக்கும்?” என்றார் என் கணவர். பூசணிப் பிஞ்சைச் சுட்டிக்காட்டினால் அழுகிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. துபாயில் கிரேன் ஓட்டிவிட்டு வந்த மனுஷன் பேசுகிற பேச்சா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“தேனீயக் காணோம், அதான் நிக்கல. ஒங்க கதைய அங்கிட்டு வையிங்க.”

மறுநாள் விடிந்ததும் ஆண் பூக்களைப் பறித்து, பெண் பூக்களில் நானே தேய்த்துவிட்டேன். சில நாளில் ஒரு பிஞ்சு உதிராமல் பச்சையாகத் திரண்டு நின்றது. சந்தோஷம் தாங்காமல் அவரைக் கூப்பிட்டேன்.

“எங்கிட்டு இருக்கு?” என்று இலைகளை விலக்கித் தேடினார்.

“அந்தா, அந்தப் பெரிய எலைக்குப் பின்னாடி” என்று கையை நீட்டினேன்.

அவர் பிஞ்சை விட்டுவிட்டு என் கையைப் பார்த்துச் சிரித்தார். என் சுட்டுவிரல் தானாக மடங்கியிருந்தது.