தடப்பள்ளி வாய்க்காலில் எட்டாவது ஆள்

என்னோடு ஒரே அறையில் பதினோரு வருடம் வேலை பார்த்த ஒருவரிடம், நாங்கள் திட்டமிட்டிருந்த பயணம் ரத்தாகிவிட்டது என்று பொய் சொன்னேன். பிறகு அவர் எழுதிக் கொடுத்த வழிக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் இல்லாமல் அதே பயணத்தைப் போனேன். அவர் தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். அன்று மதியச் சாப்பாடு என் அக்கா வீட்டில். இவை இரண்டும்தான் காரணம். இதை வேறு எப்படிச் சொன்னாலும் என்னைக் காப்பாற்றிக்கொள்வதாகவே ஆகும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. கோயமுத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கில் நான் கட்டடப் பிரிவு ஆசிரியன். நில அளவையும் நீர்ப்பாசனமும் என் பாடங்கள். முப்பது வருடம் கரும்பலகையில் வாய்க்கால் வரைந்திருக்கிறேன். ஒரு வாய்க்காலில்கூடப் போனதில்லை. ஒருநாள் தேநீர் இடைவேளையில் இதைச் சொன்னபோது கணக்கு ஆசிரியர், "போறதுக்கு நீங்க என்ன மீனுங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் திட்டம் உருவாகிவிட்டது. கொடிவேரி அணையில் பரிசல் எடுத்து, பல நூறு வருடப் பழைய தடப்பள்ளி வாய்க்காலில் கோபிச்செட்டிபாளையம் பக்கம்வரை போவது. அறையில் இருந்த எட்டுப் பேரும் வருவதாகச் சொன்னோம்.

சொல்வது எளிது. ஆற்றில் பரிசல் விடுவார்கள். வாய்க்காலில் யாரும் விடுவதில்லை. கொடிவேரிக்குப் போய்ப் பரிசல்காரர் ஒருவரிடம் கேட்டேன். அவர் வாய்க்காலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போறதுக்குப் போயிரலாமுங்க. தண்ணி இழுத்துட்டுப் போயிரும். திரும்பி வாரது எப்படிங்க?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. கடைசியில் இரண்டு பரிசல் எடுப்பது, முடிந்ததும் டிராக்டரில் ஏற்றித் திருப்பி அனுப்புவது என்று முடிவானது. பரிசலுக்கு நான்கு பேர், துடுப்புப் போட ஒருவர். பாசன அலுவலகத்துக்கு மனு எழுதினேன். வேடிக்கையான மனு என்று நினைத்தார்களோ என்னவோ, நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

பெரிய சிக்கல் பாலங்கள். வண்டிப்பாதைக்காகக் கட்டிய தாழ்வான பாலங்கள் வழியெங்கும் உண்டு. தண்ணீர் குறைவாக ஓடினால் பரிசல் அடியில் நுழையும். கூடுதலாக ஓடினால் தலை இடிக்கும். எந்தப் பாலம் எப்படி என்று யாருக்குத் தெரியும்? எங்கள் அறையிலேயே ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அவர் இயற்பியல் ஆசிரியர். அந்த வாய்க்கால் கரையிலேயே, ஊருக்கு வெளியே இருந்த குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா வருடாவருடம் தண்ணீர் நிறுத்தியதும் வாய்க்காலில் இறங்கித் தூர் எடுத்தவர்; மற்ற நாட்களில் எங்களைப் போன்றவர்களின் வயலில் கூலி வேலை செய்தவர்.

ஒரு வாரத்தில் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கொடிவேரியிலிருந்து வரிசையாக எல்லாப் பாலங்களும் அதில் இருந்தன. நான் அடிக்கணக்கை எதிர்பார்த்தேன். அவர் படிக்கணக்கில் எழுதியிருந்தார். ஒவ்வொரு பாலத்தின் பக்கத்திலும் குளிக்கிற படித்துறை உண்டு. தண்ணீருக்கு மேலே மூன்று படி தெரிந்தால் உட்கார்ந்தபடியே போகலாம், இரண்டு தெரிந்தால் குனிய வேண்டும், ஒன்றுதான் தெரிகிறது என்றால் இறங்கிவிட வேண்டும்.

"டேப் புடிச்சு அளக்க வேண்டியதில்லீங்க. எங்க அய்யன் இப்படித்தானுங்க பார்ப்பாரு" என்றார்.

நான் நில அளவைக்காரன். அந்தத் தாளைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.

பயணம் முடிகிற இடமாக அக்காவின் தென்னந்தோப்பைத் தேர்ந்தெடுத்தது நான்தான். கரையை ஒட்டிய தோப்பு, பக்கத்திலேயே வீடு. பரிசலில் போய் இறங்கி அந்த வீட்டில் எல்லோரும் இலை போட்டுச் சாப்பிட வேண்டும் என்பது என் ஆசை. அதில் என் பெருமையும் இருந்தது. பயணத்துக்குப் பத்து நாள் முன்பு சொல்லிவிட்டு வரப் போனேன். அக்காவின் கணவர் மகிழ்ந்துபோனார். யார் யார் வருகிறார்கள், எந்த ஊர்க்காரர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். எங்கள் பக்கத்தில் ஊரைக் கேட்டால் பாதி கேட்டதாக அர்த்தம். மீதியையும் பதமாகக் கேட்டுவிடுவார்கள். இயற்பியல் ஆசிரியரின் ஊரைச் சொன்னதும் அவர் நிமிர்ந்தார். அந்த ஊர் அவருடைய தோப்பிலிருந்து இரண்டே பாலம் தள்ளி இருந்தது. அப்பா யார் என்று கேட்டார், சொன்னேன்.

"அடடே, அவன் மகனா? காலேஜ்ல வாத்தியாரா ஆயிட்டானா? சந்தோசம் மாப்ள." உண்மையான சந்தோஷம்தான் அது. கொஞ்சம் பொறுத்து, "அவனுக்கு மட்டும் தோப்புல எலை போட்டரலாமுங்க. எங்கம்மா இருக்கறாங்க, வேற ஒண்ணுமில்லீங்க" என்றார்.

எங்கள் அறையில் இயற்பியல் ஆசிரியரை யாரும் 'ங்க' இல்லாமல் அழைத்ததில்லை. பியூன் முதல் பிரின்சிபால் வரை எல்லோருக்கும் அவர் 'வாங்க, போங்க'தான். இந்த வீட்டில் இரண்டே வாக்கியத்தில் அவர் 'அவன்' ஆகிவிட்டார். எனக்கு 'ங்க' போட்ட அதே வாயில்.

நான் விடைபெற்றுக் கிளம்பினேன். அக்காவின் கணவரோடு அங்கேயே வாதாடியிருக்கலாம். வீட்டுச் சாப்பாட்டை விட்டுவிட்டு, கோபியில் பொட்டலம் வாங்கி எட்டுப் பேரும் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். இல்லாவிட்டால் இயற்பியல் ஆசிரியரிடமே நடந்ததைச் சொல்லியிருக்கலாம். பேருந்தில் திரும்பும்போது இந்த மூன்றும் எனக்குத் தோன்றின. தோன்றவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். புளியம்பட்டி தாண்டியபோது, அவரை அவமானத்திலிருந்து காப்பாற்றுவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்னூர் வருவதற்குள் அதை நம்பிவிட்டேன்.

பயணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை அரைநாள். மற்றவர்கள் கிளம்பும்வரை காத்திருந்து, அவர் சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது போய்ச் சொன்னேன்.

"பர்மிசன் கேன்சல் பண்ணிட்டாங்களாமுங்க. போக முடியாதுங்க."

"அப்படீங்களா?" என்றார். முகம் வாடியது. உடனே எனக்கே ஆறுதல் சொன்னார். "போனாப் போகுதுங்க. அடுத்த தடவை தண்ணி விடறப்பப் பார்த்துக்கலாம்."

மற்ற ஆறு பேரிடமும் அவருக்கு வீட்டில் அவசர வேலை என்று சொல்லிவிட்டேன். அவர் வீட்டில் அப்போது தொலைபேசி இல்லை. ராத்திரி திடீரென்று அனுமதி கிடைத்தது, உங்களுக்குத் தகவல் சொல்ல முடியவில்லை என்று திங்கட்கிழமைக்கு வேண்டிய பொய்யையும் முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தேன்.

வாய்க்கால் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு கரையிலும் நெல்லும் வாழையும். பரிசல் மெல்லச் சுற்றிக்கொண்டே போனதால் எல்லோருக்கும் எல்லாப் பக்கமும் தெரிந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பரிசலில் நான்கு பேர், என் பரிசலில் மூன்று பேர். ஒரு பக்கம் சாய்ந்ததால் பரிசல்காரர் எங்களை இடம் மாற்றி உட்காரச் சொன்னார். நான் தாளை மடியில் விரித்துப் படிகளை எண்ணிச் சொல்வேன். அதன்படி உட்கார்ந்தோம், குனிந்தோம். ஒரு பாலத்தில்கூட அவர் கணக்குத் தப்பவில்லை. கணக்கு ஆசிரியர் என்னைப் பாராட்டினார். நான் ஏற்றுக்கொண்டேன்.

அவருடைய ஊர்ப் பாலம் வந்தது. இரண்டு படி தெரிந்தது. "குனியுங்க" என்றேன். குனிய ஆரம்பித்தபோது மேலேயிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, நிறுத்துங்க! மேல இருக்கறது புதுப் படிங்க, அதை எண்ணாதீங்க. எறங்கிருங்க!"

பாலத்தின் மேல் அவர் நின்றுகொண்டிருந்தார், கையில் காய்கறிப் பையோடு. பயணம் இல்லை என்றதும், கிடைத்த ஞாயிற்றுக்கிழமையில் அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்திருக்கிறார். பரிசல்காரர்கள் துடுப்பை ஊன்றிக் கரையோரம் ஒதுக்கினார்கள். இறங்கிப் பார்த்தபோது தெரிந்தது: படித்துறையின் மேல்படி சமீபத்தில் சிமெண்டால் கட்டியது. அதைச் சேர்த்து எண்ணியதால் ஒன்றை இரண்டாக எடுத்துக்கொண்டேன். பாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் பரிசலின் விளிம்பு நுழையும் அளவுதான் இடம் இருந்தது.

கணக்கு ஆசிரியர் மேலே பார்த்து, வீட்டில் அவசர வேலை என்று சொன்னீர்களாமே, இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். அதிக நேரம் இல்லை.

"ஆமாங்க. அம்மாவுக்கு மேலுக்கு முடியலீங்க. அதான் வந்தனுங்க" என்றார்.

யோசிக்காமல் என் பொய்யைத் தன் பொய்யாக்கிக்கொண்டார். பிறகு கீழே வந்து, பரிசல்களைக் கரைமேல் தூக்கிப் பாலத்தைத் தாண்டி இறக்க ஒரு கை கொடுத்தார். எங்களைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. நானும் அவரை ஏறச் சொல்லவில்லை. அக்கா வீட்டில் ஏழு இலை போட்டார்கள். சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். நான் நன்றாகவே சாப்பிட்டேன்.

திங்கட்கிழமைக்குத் தயார் செய்த பொய் தேவைப்படவில்லை. அவர் எதுவும் கேட்கவில்லை. கணக்கு ஆசிரியர்தான் விடவில்லை. வாய்க்கால் கரையில் பிறந்தவருக்குத் தண்ணீரைக் கண்டால் பயம், அம்மாமேல் பழி போட்டுத் தப்பித்துவிட்டார் என்று கேலி செய்தார். நான் ஓய்வு பெறும்வரை மூன்று வருடம் அந்தக் கேலி தொடர்ந்தது. மழை பெய்தால்கூட, "பார்த்துங்க சார், தண்ணி" என்பார்கள். அவரும் சிரிப்பார். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

ஓய்வு பெற்ற மறுவருடம் சிங்காநல்லூரில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு ஏற்பாடும் செய்திருந்தேன். அதற்குள் அக்காவின் மாமியார் இறந்துவிட்டார். அக்காவின் கணவரிடம் பேசி, இவரை வீட்டுக்குள் உட்காரவைத்துச் சாப்பாடு போடச் சம்மதம் வாங்கியிருந்தேன். மறுபடி பரிசல், மறுபடி அதே தோப்பு. இந்த முறை எட்டுப் பேர். அதுதான் பரிகாரம் என்று நினைத்தேன்.

அவருடைய மனைவி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் அக்கா வீட்டில் நடந்த பேச்சு முதல் கடைசிவரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"தோப்புல எலை போடுவாங்கன்னா, வாரதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணிருப்பனுங்க. அதையும் நீங்களே பண்ணிப்போட்டீங்க" என்றார்.

நான் புதுப் பயணத்தைச் சொன்னேன். அவர் லேசாகச் சிரித்தார்.

"உங்க அக்கா ஊட்டுக்குள்ள உக்கார்றதுக்கு நான் எதுக்குங்க அவ்வளவு தூரம் தண்ணில வரோணும்? அது வேண்டாமுங்க."

வேறு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அப்படிக் கேட்பதும் என் பாரத்தை அவர்மேல் இறக்குவதுதான் என்று இப்போது தெரிகிறது. அவர் உடனே பதில் சொன்னார். ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்தது போலிருந்தது.

"அந்த ஆறு பேருகிட்டயும் போய்ச் சொல்லுங்க. எனக்குத் தண்ணி பயம் கெடையாதுன்னு சொல்லுங்க. ஏன் வரலைங்கறதையும் சொல்லுங்க."

ஆறு வீட்டுக்கும் போனேன். இரண்டு மாதம் ஆனது. ஒருவர், இதை இப்போது கிளறுவானேன் என்றார். இன்னொருவர், அன்றே சந்தேகப்பட்டதாகவும் கேட்க மனம் வரவில்லை என்றும் சொன்னார். ஒருவர் என்னைத் தட்டிக்கொடுத்து, நல்ல மனசு என்றார். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கணக்கு ஆசிரியர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னை வீட்டில் உட்காரவைத்துவிட்டுச் சிங்காநல்லூருக்குக் கிளம்பிவிட்டார். விஷயம் சுற்றிக்கொண்டு அக்காவின் காதுக்கும் போனது. குடும்பத்தின் பேரைக் கோயமுத்தூர் முழுக்கக் கெடுத்துவிட்டதாகச் சொல்லி, அக்கா ஒரு வருடத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை.

அடுத்து வாய்க்காலில் தண்ணீர் விட்ட சமயம், இயற்பியல் ஆசிரியரிடமிருந்து தொலைபேசி வந்தது. அவர் வீட்டுக்கு இணைப்பு வந்திருந்தது.

"ஞாயித்துக்கெழம பரிசல்ல போறமுங்க. அவங்க ஆறு பேரும் வாராங்க. எங்க ஊர்ப் பாலத்துக்கிட்ட எறங்கி எங்க அம்மா ஊட்ல சாப்பாடுங்க."

நான் காத்திருந்தேன்.

"உங்களைக் கூப்பிடலீங்க. கூப்பிடறதுக்கு மனசு வரலீங்க. வேற ஆராச்சும் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம்னுதான் நானே சொல்றனுங்க."

"சரிங்க" என்றேன்.

வைக்கட்டுமா என்று கேட்டுவிட்டு வைத்தார். அதன்பிறகு அவர் என்னைக் கூப்பிட்டதில்லை. கல்யாணங்களில் சந்திக்கும்போது நலம் விசாரிப்பார், நானும் விசாரிப்பேன். பயணம் எப்படி இருந்தது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.