பிலோமினா அக்காவுக்குத் திறக்காத பக்கம்

இன்று காலடிப்பேட்டை பிரவுசிங் சென்டரில் பிலோமினா அக்காவைப் பார்த்தேன். அவர் கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. கரை இறங்கும் ஊர்களிலிருந்து வலைப்பதிவு எழுதுவார். போன பதிவில் காய்ச்சல் என்று எழுதியிருந்தார்.

இன்று பக்கம் திறக்கவில்லை.

"ஏதோ நாலு பக்கத்த மூட கவர்மெண்டு சொல்லிச்சாம்கா. நெட்டு கம்பெனிக்காரன் அந்த பிளாக் சைட்டு மொத்தத்தையும் மூடிட்டான்," என்றார் கடைக்காரர்.

"அவரு இன்னா தப்பா எழுதினாரு?"

"ஒண்ணும் இல்லக்கா. வெளிநாட்ல எல்லாருக்கும் தொறக்குதாம்."

"ஒலகமே படிக்கும். பொண்டாட்டி நான் படிக்கக் கூடாதா?"

கடைக்காரர் அக்காவின் கணவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். மதியம்வரை பதில் வராததால் அக்கா எழுந்து போய்விட்டார்.

இணையத்தை யார் மேற்பார்வையிடுவது என்று உலக அரசுகள் கூடிப் பேசுகின்றனவாம்.

இந்தப் பதிவும் அதே வலைத்தளத்தில்தான் ஏறுகிறது. எழுத விடுகிறார்கள், என் பக்கத்தை என்னாலேயே பார்க்க முடியவில்லை. படிக்க முடிந்தவர்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.