பொரிப்பகத்துக்கு ஒரு ஃபேன் இல்லாத கம்ப்யூட்டர்

1. அலறாத சைரன்

“மேடம், கம்ப்யூட்டரும் செத்துப்போச்சுங்க, குஞ்சுகளும் செத்துப்போச்சுங்க.”

உடுமலைப்பேட்டைப் பக்கம் இருக்கும் ஒரு கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தின் மேலாளர் தங்கவேல் போனில் இப்படித்தான் தொடங்கினார். கோவை காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கும் கடை என்னுடையது. இந்தத் தொழிலில் எத்தனையோ புகார் கேட்டிருக்கிறேன். உயிர் போனதாகச் சொல்லி வந்த புகார் அது ஒன்றுதான். டூல் பையோடு பஸ் ஏறினேன்.

பொரிப்பகத்தில் முட்டைகள் அலமாரி போன்ற பெரிய மெஷின்களுக்குள் இருக்கும். உள்ளே சூடு ஒரே சீராக இருக்க வேண்டும். சென்சார்கள் அதை அளந்து கம்ப்யூட்டருக்கு அனுப்பும். சூடு எல்லை மீறினால் கம்ப்யூட்டர் சைரனை அலறவிடும். அன்று ஒரு மெஷினில் காற்றைச் சுழற்றும் ஃபேன் நின்று சூடு ஏறியிருக்கிறது. சைரன் அலறவில்லை.

கம்ப்யூட்டரின் கேபினெட்டைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. குஞ்சுகளின் மெல்லிய இறகுத் தூசி, கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் ஃபேனுக்குள் பஞ்சு மெத்தை போல அடைத்திருந்தது. ஃபேன் சுற்ற முடியாமல் எஸ்எம்பிஎஸ் எரிந்து போயிருந்தது.

“சைரன் அடிச்சிருந்தா ஓடியாந்திருப்பனுங்க. வெளிய வண்டில லோடு ஏத்திட்டு இருந்தனுங்க. மொதலாளி நம்ப மாட்டீங்கறாருங்க. வேற ஆளு பாக்கறேன்னு சொல்லிப்போட்டாருங்க” என்றார் தங்கவேல். அழாமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்.

2. டிபன் பாக்ஸ்

முதலாளி நடராஜ் வந்ததும், எரிந்த எஸ்எம்பிஎஸ்ஸை அவர் கையில் கொடுத்தேன். “தப்பு தங்கவேல் மேல இல்லீங்க. இதப் பாருங்க” என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“செரி அம்மணி, இருக்கறதுலயே பெரிய கம்ப்யூட்டரா போட்டுக் குடுங்க. நாலு ஃபேன் வெச்சுப்போடுங்க.”

“நாலு ஃபேன் வெச்சா நாலு வழியா தூசி உள்ள போவுமுங்க. ஃபேனே வேண்டாமுங்க.”

“ஃபேன் இல்லாம கம்ப்யூட்டரா? சூட்டுல வெடிச்சுப் போவாதுங்களா?”

“சூடு கம்மியா கெளம்பற கம்ப்யூட்டரா செய்யறனுங்க. ஒரு மாசம் ஓடட்டும். புடிக்கலீன்னா நானே வந்து எடுத்துட்டுப் போறேன்.”

எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இந்த கம்ப்யூட்டர் வீடியோ எடிட் செய்யப் போவதில்லை. சில சென்சார்களைப் படிக்க வேண்டும், தேவைப்பட்டால் சைரனை அடிக்க வேண்டும். அதற்கு, பிராசஸர் போர்டிலேயே பற்றவைத்து வரும் சிறிய மதர்போர்டு போதும். ஒரு எல்இடி பல்பு அளவுக்குத்தான் கரண்ட் இழுக்கும். நான் எடுத்த போர்டு நேரடியாகப் பன்னிரண்டு வோல்ட்டில் ஓடக்கூடியது. அதனால் எஸ்எம்பிஎஸ்ஸும் வேண்டாம், யுபிஎஸ்ஸும் வேண்டாம். சார்ஜரோடு ஒரு பேட்டரி வைத்தால் கம்ப்யூட்டர், சென்சார், சைரன் எல்லாம் அதிலேயே ஓடும். பழைய சென்சார் பெட்டியின் கேபிளைச் சொருகத் தேவையான காம் போர்ட்டும் போர்டில் இருந்தது. ஒரு ராம், சுற்றும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி, துளையில்லாத அலுமினியப் பெட்டி. அவ்வளவுதான்.

கடை மொட்டைமாடியில் தகரக் கொட்டகை இருக்கிறது. சித்திரை வெயிலில் அதற்குள் வைத்து முழு லோடில் ஓட்டினேன். ஹேங் ஆனது. திறந்து பார்த்தால், பிராசஸரின் சூட்டை வாங்கும் ஹீட் சிங்குக்கும் பெட்டியின் மூடிக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி. சூடு வெளியேற வழியில்லை. நடுவில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் வைத்து மூடியை இறுக்கினேன். இந்த முறை மூடி தொட முடியாதபடி சுட்டது. கம்ப்யூட்டர் அசையாமல் ஓடியது. மூடி சுட்டால் நல்லது. உள்ளே இருந்த சூடு வெளியே வருகிறது என்று அர்த்தம்.

கொண்டு போய் மாட்டியபோது நடராஜ் சிரித்தார். “ஏனுங்க அம்மணி, டிபன் பாக்ஸாட்டம் இருக்குது!”

3. ஜெனரேட்டர் கிளம்பாத மத்தியானம்

அந்த ஒரு மாதம் முடிவதற்குள், சென்சார் ஒன்றை மாற்றப் போயிருந்தேன். மத்தியானம் கரண்ட் போனது. மெஷின்களின் இரைச்சல் அடங்கி, அறையே அமைதியானது. தங்கவேல் ஜெனரேட்டர் சாவியைத் திருப்பினார். டிக், டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. ஜெனரேட்டரின் பேட்டரி உட்கார்ந்துவிட்டது.

பேட்டரியில் இல்லாமல் நேரடி கரண்டில் ஓடும் மானிட்டரும் இருண்டுவிட்டது. “இதுவும் போச்சுங்களா?” என்றார் ஓடி வந்த நடராஜ். பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவருக்கு நான் பதில் சொல்வதற்குள் சைரன் பதில் சொன்னது.

பொரியும் நிலையில் உள்ள முட்டைகள் தாமே சூடு கிளப்பும். ஃபேன் நின்றால் உள்ளேயே வெந்துவிடும். புதிதாக அடுக்கிய முட்டைகளோ கதவைத் திறந்தால் குளிர்ந்துவிடும். எந்தக் கதவை, எவ்வளவு திறப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் லேப்டாப்பைக் கேபிள் போட்டு அந்தப் பெட்டியில் இணைத்தேன். எல்லா மெஷின்களின் சூடும் திரையில் வந்தது.

“தங்கவேல், மூணாவது மெஷின் ஏறுது! முழுசாத் தெறங்க! ஒண்ணாவது செரியா இருக்குது, தொடாதீங்க!”

“தெறந்தாச்சுங்க! அஞ்சாவது?”

“ஏறுது! பாதி தெறங்க!”

நான் கத்தக் கத்த, தங்கவேலும் வேலை செய்யும் பெண்களும் ஓடி ஓடித் திறந்தார்கள். நடராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குஞ்சு ஏற்றும் வேனின் பேட்டரியை ஸ்பேனர் போட்டுக் கழற்றித் தானே தூக்கி வந்தார். ஜெனரேட்டர் இருமியது, புகைந்தது, பிறகு ஓடியது. ஃபேன்கள் சுற்றத் தொடங்கின. திரையில் எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின. மூன்றாவது மெஷினுக்குள்ளிருந்து கீச்கீச் சத்தம் கேட்டதும் தங்கவேல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நடராஜ் அவர் பக்கத்தில் வந்து நின்றார். “தங்கவேலு, அன்னைக்கு நான் பேசுனத மனசுல வெச்சுக்காதப்பா. நீ இங்கயே இரு” என்றார். தங்கவேல் தலையாட்டிவிட்டு, திறந்த கதவுகளை மூட எழுந்தார்.

அதற்குப் பிறகு நூற்பாலை, எண்ணெய் ஆலை, மாவு மில் என்று தூசி பறக்கும் இடங்களுக்கெல்லாம் இதே மாதிரி செய்து கொடுத்திருக்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த பிராசஸர் வேகமானது என்றுதான். வாடிக்கையாளர் கம்ப்யூட்டரை வைக்கப்போகும் அறைக்குள் போய் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள் என்பேன். அங்கே உங்களுக்கு மூச்சு முட்டினால், ஃபேன் வைத்த கம்ப்யூட்டருக்கும் முட்டும். எந்தப் போர்டு வாங்குவது என்பதை அந்த அறையிலேயே முடிவு செய்துவிடலாம்.