பதினேழாம் எண்ணைப் பார்க்க மெல்பர்னுக்கு ஒரு ரயில்

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, சிட்னியிலிருந்து மெல்பர்னுக்கு ரயில் ஏறினேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. நேரில் பார்த்தே இராத ஓர் இளைஞனைப் பற்றி நான் எழுதிய ஒரு வரி மனதை அரித்துக்கொண்டிருந்தது. 'இவரை விடுவித்துவிடலாம்' என்பதுதான் அந்த வரி. திங்கள் காலைக்குள் அது அமெரிக்காவுக்குப் போய்ச் சேர வேண்டும்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: பகலில் நான் வெஸ்ட்மீட்டில் ஒரு மருத்துவமனையின் தரவுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வார இறுதிகளில் ஓர் அமெரிக்க பேஸ்பால் அணிக்காக வீடியோ பார்த்து மதிப்பெண் போடுகிறேன். பெரிய அணிக்கு ஏறக் காத்திருக்கும் மைனர் லீக் இளைஞர்களில் சிலரை அங்கே குளிர்காலம் வந்ததும் இங்கே விளையாட அனுப்புவார்கள். அவர்களில் நாலு மட்டையாளர்கள் என் பொறுப்பு. அணியின் பெயரையும் மைதானத்தின் பெயரையும் வெளியில் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம். போன மைதானத்தின் பெயரைச் சொல்லாமல் பயணக் கட்டுரை எழுதும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பதினேழாம் எண் சட்டைக்காரன் இடது கை மட்டையாளன், வயது இருபத்தொன்று. வீடியோவில் அவனைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். தொடாமல் விட வேண்டிய வெளிப்பக்கப் பந்துகளையெல்லாம் துரத்தித் துரத்தி அடிப்பான். அந்த ஒரு குறைக்காகத்தான் அவனை அணியிலிருந்து விடுவித்துவிடலாம் என்று எழுதினேன். ஆனால் அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தபோது ஒரு கேள்வி வந்தது. அத்தனை கெட்ட பந்தையும் ஒருவன் எப்படி இவ்வளவு நன்றாக அடிக்கிறான்?

விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் கடைசி நேரத்தில் விலை எகிறிவிட்டது. ரயிலுக்கு நூற்றுப் பத்து டாலர் சொச்சம். சென்ட்ரலில் காலை ஏழே முக்கால் வாக்கில் புறப்பட்டு, சுமார் 950 கிலோமீட்டர் ஓடி, மாலை ஆறரைக்குப் போய்ச் சேர்கிறது. கையில் சாப்பாடு கொண்டுபோவது நல்லது. நான் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு போனேன், கேன்டீனில் தேநீர் மட்டும் வாங்கினேன். கோல்பர்ன் தாண்டியதும் காய்ந்த புல்வெளி, அதற்குப் பிறகும் காய்ந்த புல்வெளி. ஜன்னல் இருக்கைக்காகச் சண்டை போட வேண்டாம்.

ஃபுட்ஸ்கிரேயில் ஓர் இரவுக்கு நூற்று நாற்பது டாலர் வீதம் அறை எடுத்தேன். சனிக்கிழமை நண்பகலில் டாக்ஸி பிடித்தேன். ஓட்டுநர் தயாபரன் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். ஏறி உட்கார்ந்து போனில் அம்மாவிடம் நான் பேசியதைக் கேட்டுவிட்டார்.

"தமிழோ? எங்க போறியள் தங்கச்சி?"

"பேஸ்பால் பார்க்க, அண்ணா. சிட்னியிலருந்து வர்றேன்."

"உதைப் பார்க்கவோ சிட்னியில இருந்து வந்தனீங்கள்?" என்று கண்ணாடியில் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். இருபத்திரண்டு கிலோமீட்டர், அறுபத்தோரு டாலர். இறங்கும்போது, "எனக்கு இண்டைக்கு வேலை முடிஞ்சுது. நானும் ஒருக்கா வந்து பார்க்கட்டோ?" என்றார். உள்ளே நுழைய ஆளுக்கு இருபது டாலர். நானே எடுக்கிறேன் என்றேன், அவர் கேட்கவில்லை.

வெயில் மண்டையைப் பிளந்தது. நிழல் இருந்த பக்கவாட்டு வேலியோரம் இருவரும் நின்றோம். இரண்டாவது இன்னிங்ஸில் பதினேழாம் எண் வந்தான். முதல் பந்தையே ஓங்கி அடித்தான், எதிரணிக்காரர் பிடித்துவிட்டார்.

"உது வெளியால போன பந்தெல்லே! ஏன் அடிச்சவன்?" என்றார் தயாபரன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணா, சைடுல நின்னுக்கிட்டு உள்ள வெளியன்னு எப்படிச் சொல்வீங்க? மிட் விக்கெட்ல நின்னு எல்.பி.டபிள்யூ கேக்கிற மாதிரி இருக்கு. நேரா நின்னு பார்த்தாத்தான் தெரியும்."

சொல்லி முடிக்கும்போதே மைதானத்தின் மறுகோடியைத் திரும்பிப் பார்த்தேன். நான் ரெண்டு மாதமாகப் பார்த்த வீடியோவை எடுத்த கேமரா எங்கே இருக்கிறது?

எறிபவருக்கு நேர் பின்னால், மைதானத்தின் கடைசியில் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த இடத்தில் ஸ்கோர்போர்டு நின்றது. கேமராக் கம்பம் அதிலிருந்து தள்ளி, இடது ஓரத்தில் இருந்தது. நடந்து எண்ணினேன், நாற்பத்து மூன்று அடி எடுத்து வைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு ஓரத்திலிருந்து பார்த்தால், மண்ணில் பதித்த வெள்ளைத் தட்டின் மேல் சரியாகப் போகும் பந்துகூட, பின்னால் கேட்சர் கையில் விழும்போது இடது கைக்காரனுக்கு விலகிப் போனதுபோலத் தெரியும்.

ஊகம் போதாது. என் பைனாகுலரைத் தயாபரனிடம் கொடுத்து அவரைக் கம்பத்தடியில் நிறுத்தினேன். நான் ஓடிப்போய்த் தட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து அவருக்குப் போன் போட்டேன். அடுத்த இரண்டு முறை பதினேழாம் எண் ஆட வந்தபோது மொத்தம் ஒன்பது பந்துகள்.

"வெளியால," என்பார் அவர். எனக்கு அது தட்டின் மேலேயே போயிருக்கும். "இதுவும் வெளியால தங்கச்சி. ஐயோ, இதையும் அடிக்கிறான்!" ஒன்பதில் ஆறு வெளியே என்றார். அந்த ஆறில் ஐந்து நல்ல பந்துகள்.

ஐந்தில் ஒன்றை அவன் தொடாமல் விட்டான். நடுவர் கையை உயர்த்தி ஸ்ட்ரைக் என்றார், அதாவது அடித்திருக்க வேண்டிய நல்ல பந்து. போனில் தயாபரனுக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டுமே! "அம்பயருக்குக் கண் தெரியாதோ?"

அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஏனென்றால் என் குறிப்புப் பத்தியில் இதே மாதிரிப் பந்துகளுக்கு ஏழு இடத்தில் 'நடுவர் தவறு' என்று நானே எழுதி வைத்திருந்தேன். என் நாலு பேரில் வலது கைக்காரர் ஒருவர் தொடாமல் விட்ட பந்துகளை நடுவர் ஸ்ட்ரைக் என்றபோதும் 'மட்டையாளருக்கு நல்ல கண், நடுவருக்கு இல்லை' என்று எழுதியிருந்தேன். தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவள் நான். தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் கை தானாக அம்பயர் பக்கம்தான் நீளும். கேமராவைச் சந்தேகிக்க ஒருநாளும் தோன்றவில்லை.

அப்பாடா என்று இருந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது, முதலில் நிம்மதிதான். இன்னும் அனுப்பவில்லையே, அனுப்பவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்து நடுவர் காரில் மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தார். போய், "இன்றைக்கு ரொம்ப நன்றாகத் தீர்ப்புச் சொன்னீர்கள்" என்றேன். யாராவது தன்னைக் கிண்டல் செய்ய அனுப்பினார்களா என்பதுபோல என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக நன்றி சொன்னார். தயாபரன் என்னைத் திரும்ப அறைக்கு விட்டபோது மீட்டரைப் போடவில்லை. "எப்பவாவது எனக்கும் ஒரு வேலை வாங்கித் தாங்கோ. வெளியால எண்டு நல்லாச் சொல்லுவன்," என்றார்.

ஞாயிறு காலை ரயிலில் பதினொரு மணி நேரமும் நாலு பேரின் பந்துகளையும் முதலிலிருந்து பார்த்தேன். வலது கைக்காரருக்கு நான் கொடுத்திருந்த பாராட்டு பாதியாகக் குறைந்தது. பதினேழாம் எண்ணுக்கு 'பந்தைத் தேர்ந்தெடுக்கிறார், வைத்துக்கொள்ள வேண்டும்' என்று எழுதினேன். கம்பத்தின் படத்தையும் சேர்த்து, திங்கள் காலை பரமட்டாவில் பேருந்துக்குக் காத்திருந்தபோது அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. அவன் இன்னொரு சீசன் இருக்கிறான், கேமராவை நகர்த்தச் சொல்கிறார்கள்.

நீங்களும் போவதாக இருந்தால்: ஆட்டம் தொடங்க அரை மணி முன்னால் போய்விடுங்கள். தொப்பி, தண்ணீர் கட்டாயம். நிழல் பக்கவாட்டில்தான் கிடைக்கும், ஆசைப்படாதீர்கள். தட்டுக்கு நேர் பின்னால் உட்காருங்கள், இருக்கைக்குத் தனிக் கட்டணம் இல்லை. போக வர, தங்க, சாப்பிட எல்லாமாகச் சேர்த்து எனக்கு அறுநூறு டாலருக்குக் கொஞ்சம் மேலே ஆனது. வார இறுதி வேலையில் எனக்கு அவ்வளவு சம்பளம் கிடையாது. பரவாயில்லை.

போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில சமயம் நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பையன் மட்டையை மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய் வேறு வேலை தேடியிருப்பான். நான் வெஸ்ட்மீட்டில் உட்கார்ந்து, நடுவரைத் திட்டிக்கொண்டே அடுத்த வீடியோவைத் திறந்திருப்பேன்.