பிளேயரால் நேராக்கிய செம்பு

ஒரு பகலும் ஓர் இரவும் வெற்றிட உலையில் வேகவைத்து, பொறுமையாக ஆறவிட்டு எடுத்த சுத்தச் செம்புக் கம்பியைக் கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்துக் கெடுத்த மடையன் நான்தான். வேறு யாராவது செய்திருந்தால் மன்னித்துவிடலாம். இழுத்தாலும் வளைத்தாலும் கடுங்குளிரில் உலோகத்தின் மின்கடத்தல் எப்படிக் கெடுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சியே!

கெடாத கம்பி ஒன்றின் அளவு மட்டும் பாக்கி இருந்தது. அது கிடைத்தால்தான் மற்றக் கம்பிகள் எவ்வளவு கெட்டன என்று சொல்ல முடியும், தீசிஸும் முடியும். அளக்கத் திரவ ஹீலியம் வேண்டும். எங்கள் ஆய்வகத்துக்கு அது வருவதே அபூர்வம்; வந்தால் ஆவியாகிப் போவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். திங்கட்கிழமை வருகிறது என்றார்கள். ஹீலியத்துக்குள் இறக்கும் தண்டுகளில் பொருத்தி வைக்கலாமென்று இரண்டு கம்பிகளைப் பஞ்சு வைத்த டப்பாவில் அமரவிளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பஸ்ஸில் டப்பாவை மடியில் ஏந்தி, ஒவ்வொரு குழிக்கும் நானும் சேர்ந்து எழும்பியதைப் பார்த்த பக்கத்து சீட்டு அம்மா, "முட்டையா மக்கா?" என்று கேட்டாள்.

என் அண்ணன் வயர்மேன். அப்பாவும் அதேதான். கம்பியின் ஒரு நுனியை ஜன்னலில் கட்டி, மறு நுனியைப் பிளேயரால் பிடித்துச் சுண்டி இழுத்தால் நூல் பிடித்தாற்போல் நிற்கும். கோணல் கம்பியைப் பார்த்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

அண்ணன் டப்பாவை எட்டிப் பார்த்தான்.

"இது என்னலே, கோழிக்கொடலு மாதிரி? இத வச்சா டாக்டர் ஆவப்போற?"

"தொடாதண்ணே. சுத்தச் செம்பாக்கும்."

"சுத்தம்னா நேரா இருக்கண்டாமா? வயர்மேன் வீட்டு மானத்த வாங்காத மக்கா."

சொல்லிவிட்டு அம்பூரியில் ஒரு வீட்டு வேலைக்குக் கிளம்பிப் போனான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் பைக் சத்தம் அடங்கியதும் ஒரு கம்பியை ஜன்னலில் கட்டினேன். ஒரே இழுப்பு. அடடா, என்ன நேர்! அண்ணன் பெண்டாட்டி மைனி கப்பைக்கிழங்கும் மீன்கறியும் தின்னக் கூப்பிட்டதால் இரண்டாவது கம்பி தப்பியது.

திங்கட்கிழமை காலையில், குளிர்விப்பதற்கு முன் அளந்தேன். இரண்டு கம்பியும் ஒன்றுபோலவே காட்டின. இளித்துக்கொண்டே நேர்க்கம்பியை ஹீலியத்துக்குள் இறக்கினேன். மின்தடை சரசரவென்று விழுந்தது. நூறில் ஒரு பங்குக்கு வந்ததும் கை தட்டினேன். இன்னும் இறங்க வேண்டியது அங்கேயே நின்றுவிட்டது. தண்டைத் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

என் கைடு, ஒற்றசேகரமங்கலத்துக்காரர், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இத ஆரு பிடிச்சு வலிச்சது?"

"எப்படி மேடம் தெரிஞ்சுது?"

"நீயில்லியா அதப் பத்தி தீசிஸ் எழுதுறது?"

அப்போதுதான் உறைத்தது. வெட்கப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு ஒரே குஷி! என் இழுப்பில் அணு வரிசைகள் அங்கங்கே நழுவிப்போயிருக்கின்றன. சாதாரணச் சூட்டில் அணுக்கள் எல்லாமே குதிப்பதால், சந்தைக் கூச்சலில் இருமல் கேட்காத மாதிரி அந்த நழுவல் தெரிவதில்லை. குளிரில் ஆட்டம் அடங்கியதும் அது ஒன்றுதான் மின்சாரத்தை மறிக்கிறது. மூன்று வருடம் எழுதியதைக் கண்ணால் பார்த்தேன்; அதுவும் என் கைவேலையாக!

"சிரிச்சது போதும். ஹீலியம் கால்வாசிகூட இல்ல. மத்தத இறக்கு."

கோணல் கம்பியை இறக்கினேன். நூறில் ஒன்று. நிற்கவில்லை. இருநூறில் ஒன்று. ஐந்நூறையும் தாண்டி இறங்கிய பிறகுதான் நின்றது. துள்ளியதில் மேலே போன குழாயில் தலை இடித்தது. இருக்கட்டும், தீசிஸ் பிழைத்தது! உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, இழுத்த கம்பி தோத்துப்போச்சு! கோணக் கம்பி ஜெயிச்சுட்டு! இழுத்தா செம்பு கெட்டுப்போவும்!"

"எலே, அப்போ நான் இதுவர வலிச்சு வயர் கட்டின வீடெல்லாம்?"

"அதுக்கு ஒண்ணும் ஆவாதுண்ணே. மைனஸ் இருநூத்தி அறுவத்தொம்பது டிகிரி குளிருலதான் வித்தியாசம் தெரியும்."

அவன் ஏணியிலிருந்து இறங்குகிற சத்தம் கேட்டது.

"பின்ன எதுக்குலே விளிச்ச?"