ஷோகேஸில் தொங்கிய பொன்னுத்தாயின் படம்

ரத்தினசாமி முதலாளி பொய் சொல்கிறார். தன் தையல்கடையின் ஆண்டுவிழா மலரில், "மலைக்கிராமத்துப் பெண்களுக்கு நாங்கள்தான் நாகரிகம் கற்றுக் கொடுத்தோம், அவர்களே மனமுவந்து எங்களுக்கு மாடலாக நின்றார்கள்" என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடையில் பெண்களுக்கு அளவெடுத்தவள் நான். மனமுவந்து யாரும் நிற்கவில்லை.

அளவு

அறுபதுகளின் தொடக்கம். கொடைக்கானல் கடைத்தெருவில், சீசனுக்கு வருபவர்களை நம்பி நடந்த தையல்கடை அது. மற்றவர்கள் அளவு ஜாக்கெட் கொண்டுவருவார்கள். மேல்மலைக் கிராமத்துப் பெண்கள் பலரிடம் அது இருக்காது. சேலையைத் தோளில் முடிந்து கட்டுவார்கள், ஜாக்கெட் போடும் பழக்கமே இல்லை. அவர்களுக்கு உடம்பில்தான் நாடா வைக்க வேண்டும். அதற்காகத்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள்.

பொன்னுத்தாய் பூண்டு விவசாயம் செய்கிற வீட்டுப் பெண். கல்யாணத்துக்கு ஜாக்கெட் போட ஆசைப்பட்டாள். மாப்பிள்ளையின் அம்மா அரைமனதாகத்தான் சம்மதித்திருந்தார்.

"அக்கா, கூசுது. நாடாவ வெரசா எடுங்க."

"சிரிக்காத புள்ள. சிரிச்சா அளவு கூடிப்போகும்."

"கூடட்டும்க்கா. மாமியா வீட்டுச் சோத்துக்கு எடம் வேணாமா?"

பஃப் கை வைத்துத் தைத்தேன். ட்ரையல் பார்க்க வந்தவள் கண்ணாடியை விட்டு நகரவில்லை. முதலாளி எட்டிப் பார்த்தார்.

"அட, சினிமாக்காரி தோத்தா! எதுத்த ஸ்டூடியோவுல ஒரு போட்டோ எடுத்துக்கம்மா. கல்யாணப் பரிசு, நம்ம செலவு."

நம்பிப் போனாள். அவளுக்கு ஒரு சின்னப் படம் கிடைத்தது. முதலாளி அதையே பெரிய படமாகப் போட்டு, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஷோகேஸில் மாட்டினார்.

ஞாயிற்றுச் சந்தை

சந்தைக்குப் பூண்டு மூட்டையோடு மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் வந்தார்கள். கடை வாசலில் கீழ்நாட்டிலிருந்து வந்த வாலிபர்கள் நாலைந்து பேர் படத்தைப் பார்த்துச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, இது நம்ம வீட்டுக்கு வரப்போற புள்ளதானே? ஊரே நின்னு பாத்துக்கிட்டுக் கெடக்கு!"

மகனிடம் இப்படிச் சொல்லிவிட்டு மாப்பிள்ளையின் அம்மா கடைக்குள் வந்தார். "அய்யா, அந்தப் படத்தக் குடுத்துருங்க. நாங்க பேசாம போயிர்றோம்."

"சீசன் முடியட்டும்மா, கழட்டித் தர்றேன்."

நான் சொன்னேன்: "முதலாளி, குடுத்துருங்க. அந்தப் புள்ள கல்யாணம் நின்னுபோகும்."

"அந்தப் படத்தப் பாத்துட்டுத்தான் ஆளுக உள்ள வருது. உனக்குச் சோலி வேணுமா, வேணாமா?"

கல்யாணம் நின்றது. வேறு காரணம் எதுவும் இல்லை, படம்தான். சீசன் முடிந்தும் அவர் அதைக் கழற்றவில்லை.

பொன்னுத்தாய் ஒருநாள் வெள்ளனே வந்தாள். கடை திறந்திருந்தது, முதலாளி வரவில்லை. அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. ஜாக்கெட்டை மடித்து மெஷின் மேல் வைத்தாள்.

"பிரிச்சு வேற யாருக்காச்சும் தச்சுக் குடுங்கக்கா. துணி நல்ல துணி."

என்னால் பிரிக்க முடியவில்லை. அடுத்த மாதம் வேலையை விட்டேன். அதனால் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. பிறகு தாண்டிக்குடி காப்பித் தோட்டத்தில் அவளைப் பார்த்தேன். சேலையைப் பழையபடி தோளில் முடிந்து கட்டியிருந்தாள். ஜாக்கெட் இல்லை. என்னைக் கண்டதும் கூடையை எடுத்துக்கொண்டு செடிகளுக்குள் போய்விட்டாள்.

தொழில் பழகுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். துணி தைத்துக்கொள்ள வந்தவள் அதற்காகத்தான் நம் முன்னால் நிற்கிறாள். அவளை வைத்து ஆள் பிடிக்க நமக்கு உரிமை கிடையாது.

முதலாளி, மலரில் எழுதத் தெரிந்த உங்களுக்கு இதற்கும் பதில் எழுதத் தெரியும். அந்தப் படத்தை மாட்டும் முன் பொன்னுத்தாயிடம் கேட்டீர்களா? அவளுக்கு மாமியாராக வரவிருந்தவர் கேட்டபோது ஏன் கொடுக்கவில்லை? என்னிடம் தனியாக ஆள் அனுப்பிச் சமாதானம் பேச வேண்டாம். கடைத்தெருவில் எல்லோரும் கேட்கும்படி சொல்லுங்கள்.